மணிக்கு எழுந்த கல்லூரி

எங்கள் ஊர் சாயங்காலக் காலேஜ் முதன்முதலாக எழுந்து நடந்தது ஐப்பசி மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு மாலையில். அன்றைக்கு அடக்கவிலைக் கணக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது, பாதிப் பேர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருந்தோம், ஊரின் மறுகோடியில் தாலுகா ஆபீசில் தாசில்தார் கனகசபாபதி மேஜைமேல் இருந்த மணியை ஒரு தட்டுத் தட்டினார், கட்டடம் எழுந்தது. எப்படி எழுந்தது, கால் எங்கே இருந்தது என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் கால் தெரியாது, வெளியே இருந்தவர்களுக்கு ஒதுங்கி நிற்கத்தான் நேரம் இருந்தது.

வடமலைக்கோட்டையில் காலேஜ் என்றால் ஊருக்கு வெளியே பஸ் ஏறிப் போகிற பிள்ளைகளின் காலேஜ், சாயங்காலக் காலேஜ் என்றால் நாங்கள். ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த மாடிக் கிடங்கைத் தடுத்து வகுப்பாக்கியிருந்தார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னமும் பஞ்சு வாடை வரும். அங்கே படிக்க வந்த ஆண்களில் மீசை நரைக்காதவர்கள் குறைவு, பேத்தி எடுத்த பெண்கள்கூட உண்டு. பஸ் கண்டக்டர் சவரிமுத்து செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று வந்தார். கோர்ட்டில் கட்சிக்காரர் பெயரைக் கூவி அழைக்கிற டவாலி இருளப்பன், கூவியது போதும், இனி உள்ளே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று வந்தார். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற நான் எதற்கு வந்தேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். எல்லோருக்கும் தலைக்கு மேலே ஒரு படி இருந்தது, அதில் ஏறப் பட்டம் கேட்டார்கள், அதனால் பகலெல்லாம் உழைத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பெஞ்சுகளில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தோம் என்று சொல்கிறேனே தவிர, எங்களுக்கு உட்காரத் தெரியாது. நாங்கள் மணிக்கு எழுந்திருக்கிற ஜனங்கள். ஜட்ஜ் மணிக்கு, மேனேஜர் மணிக்கு, டிப்போ மணிக்கு, வார்டில் டாக்டர் மணிக்கு என்று பகல் முழுக்க எழுந்து எழுந்து, முழங்கால் தனக்கென்று ஒரு புத்தி வைத்துக்கொண்டுவிட்டது. முதல் வருஷம் முதல் நாள், ஒரு பாடம் முடிந்து மணி அடித்ததும் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எழுந்துபோய் லெக்சரர் மீனலோசனியின் மேஜை முன்னால் கைகட்டி நின்று என்ன மேடம் என்று கேட்டோம். மீனலோசனி எங்கள் எல்லோரையும்விடச் சின்னவள், மணிக்கணக்குச் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவள். முதலில் ஏதோ போராட்டம் என்று பயந்துபோனாள். பிறகு விஷயம் விளங்கி, எங்கள் முகம் வாடக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு சாக்பீஸ் எடுத்துவரச் சொல்லி அனுப்பினாள். அவள் அப்படிப்பட்டவள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் ஒவ்வொரு மணிக்கும் நாங்கள் எழுந்தோம், ஒவ்வொரு முறையும் அசடு வழிய உட்கார்ந்தோம், இதையெல்லாம் அந்தக் கட்டடம் பார்த்துக்கொண்டே இருந்தது.

எங்களில் மணிக்கு மிகச் சீக்கிரம் எழுகிறவள் பஞ்சவர்ணம். தாலுகா ஆபீசில் ஜீப் ஓட்டிய அவள் புருஷன் திடீரென்று இறந்துபோனதும் கருணை அடிப்படையில் அவளுக்கு அங்கேயே அலுவலக உதவியாளர் வேலை கொடுத்தார்கள். வேலையோடு ஒரு ஸ்டூலும் கொடுத்தார்கள். அது தாசில்தார் அறைக் கதவுக்கு வெளியே கிடக்கும், சாய முதுகு கிடையாது. கதவுக்கு உள்ளே, பதிவறை உதவியாளரின் நாற்காலி ஒன்று வருகிற சித்திரையில் காலியாவதாக இருந்தது. அதற்குள் கையில் பட்டம் இருந்தால் நாற்காலி பஞ்சவர்ணத்துக்கு, இல்லாவிட்டால் எங்கிருந்தோ வருகிற யாருக்கோ, அப்புறம் அவள் ஓய்வு பெறுகிறவரை ஸ்டூல்தான். அவள் எல்லாப் பேப்பரையும் தாண்டிவிட்டாள், அடக்கவிலைக் கணக்கு ஒன்று மட்டும் நின்றது. அது ஏன் நின்றது என்றால், அந்த வகுப்பு நடக்கிற மாலைகளில்தான் தாசில்தார் வேலை முடியாமல் ஆபீசில் இருப்பார், வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அவள் காது அவர் மணியிடமே இருக்கும்.

ஆக அந்த ஐப்பசி மாலையில் மறுகோடியில் மணி ஒலித்தது, எங்கள் யாருக்கும் கேட்கவில்லை, பஞ்சவர்ணத்துக்குக் கேட்டது. அவள் எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து எங்கள் முழங்காலும் எழுந்தது, நாங்கள் எல்லோரும் எழுந்ததைப் பார்த்துக் கட்டடமும் எழுந்தது. ஜன்னலில் ரயில்வே கேட் பின்னால் போயிற்று, பிறகு காய்கறி மார்க்கெட் போயிற்று, பிறகு நகைக்கடை வீதி போயிற்று, கடைக்காரர்கள் வெளியே தொங்கவிட்டிருந்த பைகளையும் துண்டுகளையும் உள்ளே இழுத்து வழி விட்டார்கள், மீனலோசனி ஒரு கையால் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு மறைமுகச் செலவினங்களை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கட்டடம் தாலுகா ஆபீஸ் வாசலில் போய்க் கொஞ்சம் குனிந்தாற்போல் நின்றது. மாடி ஜன்னலில் இருந்து பஞ்சவர்ணம் தலையை நீட்டி, கூப்பிட்டீர்களா சார் என்று கேட்டாள். தாசில்தார் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் ஃபேனைக் குறைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் இறங்கிப்போய்க் குறைத்துவிட்டு ஏறி வந்தாள், பாடம் தொடர்ந்தது.

அன்றிலிருந்து அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. மில் சங்குக்கு அசையாது, ரயில் ஊதலுக்கு அசையாது, மணி என்றால் போதும். கோயிலில் சாயரட்சை மணி அடித்தால் சன்னதித் தெருவில் போய் நிற்கும், மாதா கோயில் மணி அடித்தால் அங்கே ஓடும், சோன்பப்டி வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போனால் அவன் பின்னாலேயே தெருத்தெருவாகப் போகும். அவன் பாவம், திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்து ஒரு பொட்டலம்கூட விற்காமல் வீடு சேர்வான். கடைசியாக எந்த மணிக்குப் போனதோ அங்கேயே மறுநாள் மாலைவரை நிற்கும். நாங்கள் வேலை முடிந்து வந்து, இன்றைக்குக் காலேஜ் எங்கே என்று பூக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தெருவுக்கு ஓடுவோம்.

ஊர் இதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் குறை சொன்னார்கள், அதற்குப் பிறகு தங்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மின்வாரியத்து லைன்மேன் வயரைத் தாராளமாக விட்டுச் சுருட்டி வைத்தார். சொத்து வரி எந்த வார்டுக்குச் சேரும் என்று கவுன்சிலர்கள் சண்டை போட்டார்கள். காலேஜ் வந்து நின்ற வீட்டுக்காரர் வெயிலை மறைக்கிறது என்று புகார் கொடுத்தார், அது எழுந்து போனதும் வெயில் அடிக்கிறது என்று அவரே இன்னொரு புகார் கொடுத்தார். டீக்கடைக்காரர் கடையைச் சக்கரத்தில் ஏற்றி அதன் பின்னாலேயே தள்ளிக்கொண்டு திரிந்தார். கோயில் நிர்வாகத்தார் கொஞ்ச நாள் மணிநாக்கில் துணி சுற்றிப் பார்த்தார்கள், பக்தர்களுக்கு அது பிடிக்கவில்லை, அவிழ்த்துவிட்டார்கள். அப்புறம் யாரோ தேர் வடத்தை எடுத்துவந்து கட்டடத்தைப் புளியமரத்தோடு கட்டிவைத்தார்கள். மறுநாள் மாதா கோயில் மணிக்குக் காலேஜ் புளியமரத்தையும் கூட்டிக்கொண்டு போனது, அதிலிருந்து போகிற இடமெல்லாம் நிழல் இருந்தது.

இதில் நல்லதும் நடந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சைக்கிள் மணியை அடித்தார்கள். மாமியார் விடமாட்டார், கடையை மூட முடியாது, அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றெல்லாம் நின்றுபோனவர்கள், காலேஜே வாசலுக்கு வந்து நிற்கும்போது என்ன செய்வார்கள், படி ஏறி வந்தார்கள். அரசு ஆஸ்பத்திரி ஆயா ஜெசிந்தா அப்படித் திரும்பி வந்தவள்தான். பெஞ்சு போதாமல் தரையில் ஜமுக்காளம் விரித்தோம்.

ஆனால் நிம்மதி போய்விட்டது. ஒரு கணக்கை ஆரம்பித்தால் அதே தெருவில் முடிக்க முடியவில்லை. எந்நேரமும் காது எங்கோ இருந்தது. வீட்டில் சோற்றில் கை வைத்திருக்கும்போது பக்கத்து வீட்டுப் பூஜை மணி கேட்டால் இலையை விட்டு எழுந்துவிடுவோம், எழுந்தபிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் விழிப்போம். என் மனைவி, இந்த மனுஷனுக்குப் பட்டம் வருகிறதோ இல்லையோ பைத்தியம் வந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரே ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது, அதைக் கீழே வைக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

அப்போதுதான் பரீட்சை அறிவிப்பு வந்தது. பங்குனியில் பரீட்சை, தேர்வு மையம் பதிவு செய்த முகவரியில், அதாவது ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே பழைய பஞ்சுக் கிடங்கு இருந்த மனையில், பரீட்சை தொடங்கி முடிகிறவரை இருக்க வேண்டும், பறக்கும் படை வந்து பார்க்கும்போது அங்கே இல்லையென்றால் அத்தனை பேர் விடைத்தாளும் செல்லாது. நடக்கிற காலேஜைப் பிடிக்கப் பறக்கிற படை என்று சவரிமுத்து சொன்னார், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கட்டடத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை, கேட் பக்கத்தில் நின்று ஒரு மணி அடித்தால் வந்துவிடும். அங்கே உட்கார வைப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் பரீட்சையே மணியில் தொடங்கி மணியில் முடிகிறது. சவரிமுத்து மணிக்குப் பதில் தன் விசிலை ஊதலாம் என்றார். விதிப்படி மணிதான் அடிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

வழியைக் கண்டுபிடித்தது மீனலோசனிதான். தீபாவளி விடுமுறையில், வகுப்பில் ஒருவர்கூட இல்லாதபோது, காலேஜ் முட்டைக்கடை எதிரில் நின்றிருந்ததாம். கோயில் மணியும் அடித்தது, மாதா கோயில் மணியும் அடித்தது, அது அசையவே இல்லையாம். அவள் அதை அப்போதே பார்த்திருந்தாள், இப்போதுதான் யோசித்து, எங்கள் எல்லோர் முன்னாலும் பஞ்சவர்ணத்திடம் சொன்னாள்.

"அது மணிக்கு எந்திரிக்கலக்கா. நீங்க எந்திரிக்கிறதப் பாத்துத்தான் எந்திரிக்குது. நீங்க உக்காந்திருந்தா அதுவும் உக்காந்திருக்கும்."

அதிலிருந்து தினமும் பாடம் முடிந்ததும் உட்காரும் பயிற்சி நடந்தது. மீனலோசனி பித்தளை மணியை அடிப்பாள், நாங்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்போம். சொல்லும்போது எளிது. பாதி ஆயுள் எழுந்த கால் அது. மணி அடித்ததும் உடம்பெல்லாம் வியர்த்து, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஜட்ஜ் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொள்வேன் என்றார், அந்த உபாயம் அவருக்குப் பலித்தது. சவரிமுத்து மடியில் கனமான பையை வைத்துக்கொண்டார். மாசி மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவராக உட்காரக் கற்றுக்கொண்டோம், பஞ்சவர்ணம் ஒருத்தியைத் தவிர. அவள் எல்லோரையும்விட அதிகமாக முயன்றாள். உதட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். ஆனால் மணியின் முதல் ஒலி காதில் விழும்போது அவள் எழுந்து நின்றிருப்பாள், அவளோடு கட்டடம் எழுந்து நின்றிருக்கும், நாங்கள் உட்கார்ந்தபடியே நகைக்கடை வீதியில் போய்க்கொண்டிருப்போம்.

ஆபீசிலும் அவள் கேட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு நாள் மணிக்கு எழுந்திருக்காமல் இருந்து பார்க்கட்டுமா சார், பழக்கத்துக்காக, என்று தாசில்தாரிடம் கேட்டாளாம். கனகசபாபதி கெட்ட மனுஷர் இல்லை. உண்மையாகவே புரியாமல், எழுந்திருக்காமல் எப்படி வேலை பார்ப்பாய் என்று கேட்டாராம். பரீட்சை நாளுக்கு விடுப்பு கேட்டாள், அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நன்றாக எழுது என்றும் சொன்னார்.

பரீட்சை நெருங்க நெருங்க வகுப்பில் பேச்சு மாறியது. அவள் வரும்போது நின்றுபோகிற பேச்சு. நானும் பேசினேன், இல்லையென்று சொல்லவில்லை. அத்தனை பேர் வருஷக்கணக்கில் கண்விழித்த படிப்பு ஒரு பெண்ணின் முழங்காலில் நின்றால் யார்தான் பேசமாட்டார்கள். கடைசியில் இருளப்பன்தான் அவளிடம் சொன்னார். அவருக்கு ஓய்வு வயது பக்கத்தில் வந்துவிட்டது, இந்த முறை விட்டால் அவருக்கு அடுத்த முறை கிடையாது. கோர்ட்டே அதிரக் கூவுகிறவர் அன்றைக்குக் குரலே எழும்பாமல், அம்மா, நீங்கள் மட்டும் அடுத்த வருஷம் எழுதினால் என்ன என்று கேட்டார். பஞ்சவர்ணம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தோம், சிலருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்ததும் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் வருவேன். கட்டிப் போடணும்னா கட்டிப் போட்டுக்கங்க. வெளிய போன்னு மட்டும் சொல்லாதீங்க. வெளியவே உக்காந்து உக்காந்து தேஞ்சுபோச்சு எனக்கு."

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைவிட அதிகமாக என்மேல் இருந்தது.

பரீட்சை நாள் மதியம் கட்டடம் அதன் பழைய மனையில் நின்றது, பக்கத்தில் புளியமரம். ஊர்க்காரர்கள் அன்றைக்கு ஒத்துழைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கோயிலிலும் மாதா கோயிலிலும் சாயங்காலம்வரை மணி இல்லை என்று வாக்குக் கொடுத்தார்கள், சோன்பப்டி வண்டிக்காரன் வீட்டில் தூங்கினான், சைக்கிள்காரர்கள் வாயால் ஒலி எழுப்பிக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா பஞ்சவர்ணத்தின் முந்தானையைப் பெஞ்சுக்காலோடு சேர்த்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற பழக்கத்தில், இறுக்கி முடிச்சுப் போட்டாள். தொடக்க மணி அடித்தது. பஞ்சவர்ணத்தின் முழங்கால் துள்ளியது, முந்தானை விறைத்தது, உத்தரத்திலிருந்து பழைய பஞ்சுத் தூசி எங்கள் விடைத்தாள்மேல் கொட்டியது, கட்டடம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, பிறகு மெதுவாக இறங்கியது. அவள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தூசியை ஊதிவிட்டு எழுத ஆரம்பித்தோம்.

எவ்வளவு நேரம் எழுதினோமோ, கடைசிப் பெரிய கேள்விக்கு வந்திருந்தோம். ஒரு வேலையில் இயல்பாகவே வீணாகிப் போகிறதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்ற கேள்வி. பஞ்சவர்ணத்துக்கு அது நன்றாக வரும். திடீரென்று தரை ஆடியது. எங்களுக்கு எந்த மணியும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மறுகோடியில் தாசில்தார், அவளுக்கு விடுப்புக் கொடுத்தது தானேதான் என்பதை மறந்து, பழகிய கையால் மேஜைமணியைத் தட்டியிருந்தார்.

அவள் பாதி எழுந்துவிட்டாள். முந்தானை முடிச்சு ஒரே இழுப்பில் கிழிந்தது. கட்டடத்தின் தென்கிழக்கு மூலை தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டது, பேனாக்கள் ஒரு பக்கமாக உருண்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டுக்கு அப்பால் பறக்கும் படையின் ஜீப், ரயில் போவதற்காகக் காத்து நின்றுகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தோம். பரீட்சை அறையில் பேசக்கூடாது. பேச முடிந்திருந்தாலும் அவளிடம் என்ன சொல்வது, உட்கார் என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது.

இரண்டாவது முறை தட்டினார் போலிருக்கிறது, அவள் உடம்பு மறுபடி உதறியது. அவள் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். பிறகு, என் கண்ணால் பார்த்தேன், கட்டியவர் யாருமில்லாமல், பிடித்தவர் யாருமில்லாமல், பஞ்சவர்ணம் தானாக உட்கார்ந்தாள். தூக்கியிருந்த மூலை தரையில் வந்து பதிந்தது. மூன்றாவது முறையும் நான்காவது முறையும் மணி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, விடைத்தாளில் படாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதினாள். கட்டடம் ஆழமாக ஒரு மூச்சு விட்டதுபோலச் சுவரெல்லாம் அடங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, நான் என் தாளை நனைத்தேன்.

அங்கே தாலுகா ஆபீசில் நடந்ததைப் பிறகு அந்த ஆபீசின் புது ஜீப் டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டோம். தாசில்தார் தட்டினார், யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார், வரவில்லை. ஓங்கித் தட்டிப் பார்த்தார். அந்த அறையில் மணி அடித்து யாரும் வராமல் இருந்தது அதுவரை நடந்ததில்லை, ஆபீஸ் மொத்தமும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தது, காலி ஸ்டூல் கிடந்தது. கடைசியில் கனகசபாபதி நாற்காலியிலிருந்து தானே எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து, தாலுகா ஆபீஸும் எழுந்தது.

அது நகைக்கடை வீதி வழியாக வந்தது, காய்கறி மார்க்கெட் வழியாக வந்தது, கடைக்காரர்கள் வழக்கம்போல ஒதுங்கி வழி விட்டார்கள், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் காத்திருந்த ஜனங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே வந்தார்கள். கேட் திறந்ததும் பறக்கும் படையின் ஜீப் முன்னால் வர, அதன் பின்னால் தாலுகா ஆபீஸ் வந்து, எங்கள் கட்டடத்துக்கு எதிரில் கொஞ்சம் குனிந்தாற்போல் நின்றது. பறக்கும் படையினர் இறங்கி உள்ளே வந்தார்கள், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்கள், சட்டைக் காலரைத் தடவினார்கள், போய்விட்டார்கள். கல்லூரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர்களுக்கு உத்தரவு, தாலுகா ஆபீஸ் எங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை இல்லை.

அவர்கள் போனதும் எதிர் ஜன்னலில் தாசில்தாரின் தலை நீண்டது. அவரை நின்ற கோலத்தில் நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை, நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"பஞ்சவர்ணம், கூப்பிட்டேனே. காதுல விழலையா?"

மேற்பார்வைக்கு நின்ற மீனலோசனி சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஏதோ படிப்பதுபோல நின்றாள். பஞ்சவர்ணம் தலையைத் தூக்கினாள்.

"விழுந்துச்சு சார்," என்றாள். "உக்காருங்க. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

கனகசபாபதி ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார், நாற்காலியை விட்டுத் தூரம் வந்திருந்தார், கடைசியில் கதவுக்கு வெளியே கிடந்த ஸ்டூலை அவரே ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாய முயன்று, முதுகு இல்லாததைக் கண்டு நிமிர்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்ததும் தாலுகா ஆபீஸும் தரையில் உட்கார்ந்தது. காத்திருந்த ஜனங்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை, அவர்களும் இருந்தார்கள்.

ரிசல்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாஸ்தான். சித்திரையில் நாற்காலியும் அவளுக்குத்தான், இருளப்பனும் பாஸ், நான் ஒரு பேப்பரில் போய்விட்டேன், அதற்கு நனைந்த தாள்தான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். தாலுகா ஆபீஸ் இன்னமும் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கேதான் இருக்கிறது, அதைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு முடிவு மணி அடித்தது, நீளமான மணி. எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மணி ஓய்ந்தது, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தோம், கையைக் கட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல். மீனலோசனிதான் ஒவ்வொரு பெஞ்சாக வந்து எங்கள் முன் நின்று விடைத்தாளை வாங்கிக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தாசில்தார் ஸ்டூலில் காத்திருந்தார். பஞ்சவர்ணம் பேனாவை மூடினாள், கிழிந்த முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள், டம்ளரில் இருந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். எந்த மணியும் அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவளுக்கு எழுந்திருக்கலாம் என்று தோன்றியது, எழுந்தாள். கட்டடம் அப்படியே உட்கார்ந்திருந்தது.